நொடியின் அறுபதில் ஒரு பங்கு: வீடியோ கேம் குறித்து வாசகர் கேள்வி – பதில்

வீடியோ கேம் கருவிகள் ஒரு நொடிக்குள் அறுபது படங்களை எவ்வாறு வரைந்து முடிக்கின்றன என்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது, தொண்ணூறுகளில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம் பெட்டியும், வாத்துச் சுடும் துப்பாக்கியும் கிடைத்தன. பெட்டி இன்றும் ஓடுகிறது. ஆனால் புதிய எல்.இ.டி. டிவியில் எவ்வளவு சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?
– வாசகர், கரூர்

பதில்: துப்பாக்கி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, மாறியது டிவிதான். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. குழலுக்குள் ஒரு வில்லையும், அதன் பின்னால் ஒளியை உணரும் ஒரு சிறு டயோடும் இருக்கின்றன, அவ்வளவுதான். விசையை இழுத்ததும் விளையாட்டு ஒரு படத்துக்குத் திரை முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டத்தை வரைகிறது. முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்ற வரிசையை டயோடு கண்டால் வாத்து விழுகிறது. இரண்டு வாத்துகள் பறந்துகொண்டிருந்தால், முதல் வாத்தின் கட்டம் ஒரு படத்திலும் இரண்டாவதன் கட்டம் அடுத்த படத்திலும் வரும். எந்தப் படத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதிலிருந்து எந்த வாத்து அடிபட்டது என்று கருவி தெரிந்துகொள்ளும். முதலில் கறுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். டியூப் லைட்டைப் பார்த்துச் சுட்டு மார்க் வாங்கும் பிள்ளைகளுக்காகத்தான்.

பழைய பிக்சர் டியூப் டிவி, சிக்னல் உள்ளே வந்த அந்தக் கணத்திலேயே மின்கற்றையால் வரி வரியாகத் திரையில் எழுதிவிடும். அதற்குப் படத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளும் நினைவகம் என்று எதுவும் இல்லை. இன்றைய டிவியோ படத்தை முழுவதுமாக வாங்கி, அளவை மாற்றி, மெருகேற்றிய பிறகே காட்டுகிறது. இதற்கு ஆகும் நேரம் நம் கண்ணுக்கு ஒன்றுமில்லை; ஆனால் விளையாட்டு வெளிச்சத்தை எதிர்பார்ப்பது நொடியின் ஐம்பதில் அல்லது அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டுமே. வெள்ளைக் கட்டம் எல்.இ.டி. திரைக்கு வந்து சேரும்போது விளையாட்டு 'குறி தவறியது' என்று எழுதி முடித்திருக்கும். போதாக்குறைக்கு, துப்பாக்கிக்குள் இருக்கும் மின்சுற்று, டியூப் டிவி நொடிக்கு ஏறத்தாழ 15,000 வரிகள் எழுதும்போது எழும் துடிப்பையே வெளிச்சமாக ஏற்கும், எல்.இ.டி. திரையின் நிலையான ஒளியில் அந்தத் துடிப்பு கிடையாது. பழைய பொருள் வாங்குபவரிடம் ஒரு டியூப் டிவி கிடைத்தால் வாத்துகள் மறுபடியும் விழும்.

கேள்வி: அந்தக் காலத்துக் கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்குமே, அத்தனை விளையாட்டுகள் உண்மையிலேயே இருந்தனவா? அவ்வளவு சிறிய பெட்டி வண்ணப்படம் காட்டியது எப்படி? கேசட்டை ஊதினால் ஓடியது ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மீண்டும் செருகியதால் ஓடியது. கேசட்டின் அடியில் வரிசையாக இருக்கும் உலோகப் பட்டைகளில் அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போகும். மறுபடி செருகும்போது உராய்வில் அது சரியாகும். நம் மூச்சின் ஈரம் அந்தப் பட்டைகளுக்கு நாளடைவில் கேடுதான் செய்தது. 9999 என்பது எண் மட்டுமே. சில டஜன் விளையாட்டுகளையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கவைத்து, பெயரைச் சற்று மாற்றிப் பட்டியலை நீட்டியிருந்தார்கள்.

நம் ஊரில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்கள். அதில் வேலைக்கான நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கெனத் தனியே இன்னொரு 2 கிலோபைட். திரையோ 256 × 240 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கே நிறங்கள் என்று கணக்கிட்டாலும், படத்தை அப்படியே சேமிக்க 15,360 பைட் வேண்டும். இல்லாத இடத்தில் எப்படிச் சேமிப்பது? அவர்கள் படத்தைச் சேமிக்கவே இல்லை. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதைப் போல, 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளைக் கேசட்டிலேயே வரைந்து வைத்துவிட்டு, திரையின் எந்த இடத்தில் எந்த ஓடு என்ற எண்ணை மட்டும் நினைவகத்தில் குறித்தார்கள். குறுக்கே 32, நெடுக்கே 30 என 960 ஓடுகள். ஓடு ஒன்றுக்கு ஒரு பைட். எல்லாவற்றுக்கும் சேர்த்து நிறத்தைக் குறிக்க 64 பைட். ஒரு திரை ஒரு கிலோபைட்டில் அடங்கிவிட்டது. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் முடிகிறது. இன்று நாம் காலை வணக்கம் சொல்லி அனுப்பும் பூப்படம் ஒன்றே அதைவிடப் பெரிது. அந்த விளையாட்டின் வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: இரண்டும் ஒரே ஓடுகள்; வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்.

நகரும் உருவங்களுக்கு வேறொரு கணக்கு. மொத்தம் 64 துண்டுகள்வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரையின் ஒரே வரியில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் கருவியால் வரைய முடியாது. ஒன்பதாவது மறைந்துவிடும். எதிரி ஒருவன் கண்ணுக்கே தெரியாமல் போவது நியாயமில்லை என்பதால், நிரலாளர்கள் ஒவ்வொரு படத்திலும் வரிசையை மாற்றி, மறையும் முறையை எல்லா உருவங்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். எதிரிகள் கூடும்போது உருவங்கள் மினுக்கியது அதனால்தான். கேசட் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: பழைய டாஸ் விளையாட்டு ஒன்றை இன்றைய கணினியில் போட்டால், தொடங்கிய உடனே முடிந்துவிடுகிறது. வேகமான கணினியில் விளையாட்டு நன்றாகத்தானே ஓட வேண்டும்?
– வாசகர், தென்காசி

பதில்: 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் செயலி (கணக்குகளைப் போடும் பிராசசர்) 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. எல்லாக் கணினியும் இதே வேகத்தில்தான் இருக்கும் என்று நம்பி, கடிகாரத்தைப் பார்க்காமல் செயலியின் வேகத்தையே தாளமாகக் கொண்டு பல விளையாட்டுகள் எழுதப்பட்டன. செயலி இரட்டிப்பு வேகம் பெற்றதும் விளையாட்டும் இரட்டிப்பு வேகத்தில் ஓடியது. பழைய கேபினெட்டுகளில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கும். வேகத்தைக் கூட்டுவதற்கு என்று எல்லோரும் நினைத்தோம்; உண்மையில் இத்தகைய விளையாட்டுகளுக்காகக் கணினியை மெதுவாக்கவே அது பயன்பட்டது. டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளில் அந்த விளையாட்டைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் எஃப் 11-ஐச் சேர்த்து அழுத்திக்கொண்டே வந்தால் வேகம் படிப்படியாகக் குறையும்.

இதே குறை ஒருமுறை வரமாகவும் அமைந்தது. டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசைகளில் 55 எதிரிகள் இறங்கி வருவார்கள். அந்தக் கருவியால் ஒரு படத்துக்கு ஓர் எதிரியைத்தான் நகர்த்த முடிந்தது. எனவே 55 பேரும் ஓர் அடி நகர ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். சுடச் சுட எண்ணிக்கை குறைந்து, மிஞ்சியவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும்; கடைசி ஒருவன் பறப்பான். ஆட்டத்தின் பதைபதைப்பே அதுதான் என்று கண்டு நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு என்று தனியே ஒன்றை வாங்கும் வழக்கம் எப்போது வந்தது? அதற்கு முன் கணினியில் படம் தெரியாமலா இருந்தது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: படம் தெரிந்தது. ஆனால் அக்காலத்துக் கார்டு, அதிகாரி சொன்னதைச் சுத்தப்பிரதி எடுக்கும் எழுத்தரைப் போன்றது. சிந்திக்கும் வேலை முழுவதும் செயலியின் தலையில்தான். 1993 டிசம்பரில் வந்த 'டூம்', 320 × 200 அளவில் 64,000 புள்ளிகளின் நிறத்தையும் செயலியைக் கொண்டே கணக்கிட்டு, நொடிக்கு அதிகபட்சம் 35 படங்கள் வரைந்தது. அதை, பென்டியத்துக்கு முந்தைய தலைமுறையான 486 கணினியில் சாத்தியமாக்கியது ஒரு தந்திரம். அந்த உலகில் சுவர்கள் எல்லாம் நேர்க்குத்து. தரை எல்லாம் சமதளம். ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கிடையாது. அதனால் சுவரின் ஒரு செங்குத்துக் கோட்டிலுள்ள புள்ளிகள் எல்லாம் பார்ப்பவரிடமிருந்து ஒரே தொலைவில் இருக்கும். எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கணக்கிட, கோட்டுக்கு ஒரு முறை தொலைவால் வகுத்தால் போதும். வகுத்தல்தான் அன்றைய செயலிகளுக்குப் பெரும் சுமை.

1996 ஜூனில், 'டூம்' விளையாட்டை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'குவேக்' விளையாட்டில் அந்தக் கட்டுப்பாடுகளைக் கழற்றிவிட்டது. சுவர் எப்படியும் சாயலாம், எங்கும் நிமிர்ந்து பார்க்கலாம். இனி ஒவ்வொரு புள்ளிக்கும் வகுக்க வேண்டும் என்ற நிலை. பென்டியம் செயலியால் ஒரு வகுத்தலைப் பின்னணியில் ஓடவிட்டுக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்ய முடியும் என்பதைக் கண்டுகொண்டு, 16 புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் சரியாக வகுத்து, இடையில் உள்ளவற்றைத் தோராயமாக நிரப்பினார்கள். பென்டியத்தில் அது ஓடியது, 486-இல் தவழ்ந்தது. மனித மூளை செயலியிலிருந்து பிழிந்தெடுக்கக்கூடிய கடைசிச் சொட்டு அது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கட்டத்தில்தான் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு 1996 இறுதியில் வந்தது. நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் சிலிக்கான் கிராபிக்ஸில் வேலை பார்த்தவர்கள். ஆர்கேட் இயந்திரங்களுக்கென்று திட்டமிட்டிருந்த சில்லை, நினைவகச் சில்லுகளின் விலை சரிந்ததால் வீட்டுக் கணினிக்கும் கொடுக்க முடிந்தது. 50 மெகாஹெர்ட்ஸ் வேகம், 4 மெகாபைட் நினைவகம். சாதாரண விண்டோஸ் திரையை அதனால் காட்டவே முடியாது; எனவே பழைய கார்டையும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு குட்டை கேபிளை வெளிப்புறமாக வூடூவுக்கு இழுத்து, வூடூவிலிருந்து மானிட்டருக்கு இன்னொரு கேபிள் போட வேண்டும். முப்பரிமாண விளையாட்டைத் தொடங்கினால் சில கார்டுகளில் 'டிக்' என்று ரிலே மாறும் ஓசை கேட்கும். அடுத்த கணம் 640 × 480 அளவில், ஏறத்தாழ ஐந்து மடங்குப் புள்ளிகளுடன், கட்டம் கட்டமாகத் தெரிந்த சுவர்கள் வழவழப்பாகத் தெரியும். சுவரின் மேற்பரப்பை ஒட்டுவது, எது முன்னே எது பின்னே என்று பார்ப்பது ஆகிய இரண்டையும் செயலியின் தலையிலிருந்து இறக்கியதன் பலன் அது.

உருவங்களைத் திருப்புவது, நகர்த்துவது, அவற்றின் மேல் விழும் ஒளியைக் கணக்கிடுவது ஆகிய வேலைகள் இன்னும் செயலியிடமே இருந்தன. 1999 அக்டோபரில் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 அவற்றையும் வாங்கிக்கொண்டது, ஜி.பி.யு. (கிராபிக்ஸுக்கான செயலி) என்ற பெயரைப் பரப்பியதும் அந்த விளம்பரம்தான். பலரும் 1999-ஐத் திருப்புமுனை என்பார்கள். என் கணக்கில் அது 1996. செயலிக்கு வெளியே வரையலாம் என்று மக்கள் காசு கொடுத்து நம்பியது அப்போதுதான். 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியாவே வாங்கியது. அந்த என்விடியாவும் 1995-இல் தன் முதல் சில்லில், உருவங்களைக் கட்ட முக்கோணங்களை விட்டு வளைபரப்புகளை நம்பி, உலகம் முக்கோணங்களின் பக்கம் போனதால் அடிபட்டு மீண்ட நிறுவனம்தான்.

கேள்வி: முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை இப்போது போட்டுப் பார்த்தால் சுவர்களும் தரையும் நெளிகின்றன. அன்றும் அப்படித்தான் இருந்ததா?
– வாசகர், ஈரோடு

பதில்: அன்றும் நெளிந்தன, சிறிய டிவியில் தூரத்திலிருந்து பார்த்ததால் பொறுத்துக்கொண்டோம். 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அந்தக் கருவியின் வரைவுச் சில்லு, முன் பதிலில் சொன்ன வகுத்தலைச் செய்வதே இல்லை. தொலைவைக் கணக்கில் எடுக்காமல் படத்தை முக்கோணத்தின் மேல் இழுத்து ஒட்டிவிடும். முக்கோணத்தின் முனைகளையும் முழுப் புள்ளிகளில்தான் வைக்கும், அரைப் புள்ளி என்ற பேச்சே இல்லை. எனவே பார்வை மெல்ல நகரும்போது முனைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே துள்ளும். இதற்கு நேர் எதிர் 1996-இல் வந்த நிண்டெண்டோ 64. அது சரியாக வகுத்தது, ஆழத்தையும் சரியாகப் பார்த்தது. ஆனால் மேற்பரப்புப் படத்தை வைத்துக்கொள்ள அதன் சில்லுக்குள் 4 கிலோபைட் மட்டுமே இருந்ததால் எல்லாமே பனிமூட்டத்தில் பார்ப்பது போல மங்கிப்போயின. ஒன்று நெளிந்தது, இன்னொன்று மங்கியது.

கேள்வி: செயலியின் வேகம் பல ஆண்டுகளாக 4, 5 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பாய்கிறதே, எப்படி?
– வாசகி, மதுரை

பதில்: பென்டியம் 4 செயலி 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அடுத்து வரவிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின் தேவையும் அதே விகிதத்தில் குறையும் என்று அதுவரை இருந்த சலுகை முடிவுக்கு வந்துவிட்டது; வேகத்தைக் கூட்டினால் சில்லு கொதித்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஏனென்றால் அது வேகத்தை நம்பி வாழவில்லை. திரையின் இடது மூலையிலுள்ள புள்ளிக்கு நிறம் தீர்மானிக்க, வலது மூலையின் விடை தேவையில்லை. வேலையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். கணக்கு வாத்தியார் ஒருவரைவிட, கூட்டலும் பெருக்கலும் மட்டும் தெரிந்த ஆயிரம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் பொருத்தம்.

2001 வரை அந்தப் பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட சில கணக்குகள்தான் தெரியும். மெஸ் சாப்பாட்டைப் போல, போட்டதைச் சாப்பிட வேண்டும். அந்த ஆண்டு வந்த ஜீஃபோர்ஸ் 3, ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை எழுத விட்டு, விளையாட்டை உருவாக்குபவர்களைச் சமையலறைக்குள்ளேயே அனுமதித்தது. தண்ணீரின் நெளிவும் தோலின் பளபளப்பும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆயினும் முக்கோண முனைகளுக்கு ஒரு குழு, புள்ளிகளுக்கு இன்னொரு குழு என்றே சில்லு பிரிந்திருந்தது. ஒரு குழு திணறும்போது மற்றது கைகட்டி நிற்கும். 2006 நவம்பரில் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் அந்தச் சுவரை எடுத்துவிட்டு, எந்த வேலையையும் செய்யக்கூடிய 128 கணிப்பான்களை வைத்தது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் அவை 16,384. டிரான்சிஸ்டர்கள் 68 கோடியிலிருந்து 7,630 கோடியாயின. எந்த வேலையையும் செய்யும் என்றான பிறகு, விளையாட்டுக்கு வெளியே இருந்தவர்களும் அதைத் தேடி வந்தார்கள். 2012-இல் படங்களை இனங்காணும் போட்டியில் எல்லோரையும் திகைக்கவைத்த டொரன்டோ பல்கலைக்கழகக் குழுவின் நிரலைப் பழக்கியவை, விளையாட்டுக்காக விற்ற இரண்டு ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள்தான்.

கேள்வி: பெரிய விளையாட்டுகளில் கதாநாயகன் அடிக்கடி பாறை இடுக்கில் ஒருக்களித்து மெதுவாக நுழைந்து போகிறான். கதைக்கு அது எதற்கு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கதைக்குத் தேவையில்லை, ஹார்ட் டிஸ்க்குக்குத் தேவை. பிளேஸ்டேஷன் 4-இன் டிஸ்க்கிலிருந்து நொடிக்கு 50 முதல் 100 மெகாபைட்தான் படிக்க முடியும். அவன் இடுக்கில் நெளியும் அந்தச் சில நொடிகளில் பின்னாலுள்ள குகை அழிக்கப்பட்டு, முன்னாலுள்ள நகரம் நினைவகத்தில் ஏறுகிறது. மெதுவாக ஏறும் லிஃப்ட், இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் கனமான கதவு எல்லாம் இதே வகை. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்.எஸ்.டி. நொடிக்கு 5.5 கிகாபைட் படிக்கும். இடுக்குகள் குறைந்துகொண்டு வருகின்றன. இப்போதும் எங்காவது எதிர்ப்பட்டால் அது பழக்கதோஷம் அல்லது பழைய கருவிக்கும் சேர்த்து எழுதிய விளையாட்டு.

கேள்வி: டெராஃபிளாப்ஸ் எண் அதிகமுள்ள கருவியையே வாங்க வேண்டுமா?
– வாசகர், வேலூர்

பதில்: டெராஃபிளாப்ஸ் என்பது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகள் போட முடியும் என்ற எண். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12, பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்தால் உங்கள் கண்ணைப் பாராட்டுகிறேன். 1989-இல் வந்த கேம் பாய்க்குச் சாம்பல் பச்சையில் நான்கு சாயல்கள்தான். அதே ஆண்டு வந்த அட்டாரி லின்க்ஸுக்கு வண்ணத்திரை, உள்ளிருந்து வெளிச்சம், அதோடு சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும் ஆறு பேட்டரிகள். நான்கு பேட்டரியில் நாள் முழுதும் ஓடிய கேம் பாய்தான் வென்றது. உங்களுக்கு விருப்பமான விளையாட்டு எந்தக் கருவியில் வருகிறதோ அதை வாங்குங்கள்.

கேள்வி: ரே டிரேசிங் என்கிறார்களே, அது என்ன? அதை 'ஆன்' செய்தால் விளையாட்டு திக்குகிறது, ஆனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இதுவரை சொன்ன முறைகள் எல்லாம் முக்கோணத்தை எடுத்துத் திரையில் பொருத்தி நிரப்புபவை. அதில் ஒரு முக்கோணத்துக்குப் பக்கத்து முக்கோணம் இருப்பதே தெரியாது. நிழலும் கண்ணாடியில் தெரியும் உருவமும் வேண்டுமென்றால் ஏதாவது ஏமாற்று வேலை செய்ய வேண்டும். பழைய விளையாட்டு ஒன்றில் பளபளக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனியுங்கள். திரையின் மேல் ஓரத்தில் விளக்கு மறைந்த அதே கணத்தில் தரையில் தெரிந்த அதன் பிம்பமும் மறையும். திரையில் ஏற்கெனவே உள்ளதை எடுத்துத் தலைகீழாக ஒட்டியிருப்பதால்தான் அப்படி.

ரே டிரேசிங் ஒளியை எதிர்த்திசையில் துரத்துகிறது. கண்ணிலிருந்து ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எதில் மோதுகிறது, அங்கிருந்து எங்கே தெறிக்கிறது, விளக்கை அடைகிறதா என்று பார்க்கிறது. பெல் ஆய்வகத்தில் இருந்த டர்னர் விட்டட் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில் கண்ணாடிக் கோளங்களின் படம் ஒன்று உண்டு. அந்த ஒரே படத்தை வரைய அன்றைய வாக்ஸ் கணினிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கதிர் எதில் மோதுகிறது என்று தேடுவதிலேயே அதில் பெரும்பகுதி கழிந்தது. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரே கதிர் என்றாலும் நொடிக்கு அறுபது படம் எனில் ஏறத்தாழ 50 கோடி கதிர்கள், தெறிப்புகளைச் சேர்க்காமலே. 2018 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 2080 வரிசைக் கார்டுகள் அந்த மோதல் தேடலுக்கு மட்டும் சில்லில் தனிப்பகுதி ஒதுக்கின. அப்போதும் புள்ளிக்கு ஓரிரு கதிர்களுக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. அதனால் கிடைக்கும் புள்ளி புள்ளியான படத்தைத் துடைத்துச் சீராக்க வேறொரு கணக்கு வேண்டியிருக்கிறது. 1997-இல் வந்த 'குவேக் 2' விளையாட்டை 2019-இல் முழுக்கக் கதிர்களாலேயே வரையும்படி மாற்றி வெளியிட்டார்கள். இருபத்திரண்டு வயதான விளையாட்டு அன்றைய விலையுயர்ந்த கார்டுகளையே மூச்சுவாங்க வைத்தது.

உங்களுக்கு வேறுபாடு தெரியாததில் வியப்பில்லை. இருபது ஆண்டுகளாக ஏமாற்று வேலையில் கைதேர்ந்தவர்கள் உருவாக்கிய படத்தோடு அல்லவா அதை ஒப்பிடுகிறீர்கள்? ஜன்னல் வெளிச்சம் சிவப்புச் சுவரில் பட்டு வெள்ளைத் தரையில் மெல்லிய சிவப்பாகப் படிகிறதா என்று பாருங்கள். திக்கினால் தயங்காமல் 'ஆஃப்' செய்துவிடலாம்.

கேள்வி: புதிய கார்டுகள் காட்டும் படங்களில் பாதிக்கு மேல் 'பொய்ப் படங்கள்' என்று மகன் சொல்கிறான். காசு கொடுத்துப் பொய்யை வாங்குகிறோமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, சிறிதாக வரைந்து பெரிதாக்குவது. 1920 × 1080 அளவில் வரைந்து, முந்தைய படங்களில் சேர்ந்த விவரங்களையும் பயிற்சி பெற்ற ஒரு நிரலையும் கொண்டு அதை 4கே ஆக்குகிறார்கள். கால்வாசிப் புள்ளிகள்தான் கணக்கிடப்பட்டவை. 2020-இல் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 2.0 என்ற நுட்பத்துக்குப் பிறகு இது நன்றாகவே வேலை செய்கிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரும் இதே நோக்கில் வந்தது. இதை நான் குறையாக நினைக்கவில்லை. மேகத்துக்குப் பச்சை பூசிப் புதராக்கிய அதே மரபு.

இரண்டாவது, இரண்டு உண்மைப் படங்களுக்கு இடையில் இல்லாத படங்களைச் செருகுவது. 2022-இல் இடையில் ஒன்று என்று தொடங்கி, 2025-இல் மூன்றுவரை வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் திரையில் தெரியும் 16 புள்ளிகளில் ஒன்றே கணக்கிட்டு வரையப்பட்டது. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. இடைப்படத்தை உருவாக்க அடுத்த உண்மைப் படம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். எனவே படம் வழுக்கிக்கொண்டு போனாலும், பொத்தானை அழுத்தியதற்கும் கை அசைவதற்கும் இடையிலான நேரம் குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்கிறது. நொடிக்கு 60 உண்மைப் படங்கள் இருந்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 16.7 மில்லி நொடி. அதை 120-ஆகக் காட்டினால் கண்ணுக்கு இதம். 25 மட்டுமே வரும் கார்டில் செருகி 100 என்று காட்டினால், எண் மட்டும்தான் நூறு. கைக்கு அது 25-தான். கடையில் ஃபிரேம் எண்ணிக்கையைச் சொன்னால், இடைப்படம் இல்லாமல் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டுப் பழைய கணினியில் புதிய கிராபிக்ஸ் கார்டு மட்டும் போடலாமா? அதில் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருக்கிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: எந்தக் கார்டு என்பதைப் பொறுத்தது. ஜீஃபோர்ஸ் 256-க்குத் தனி மின்கம்பியே தேவைப்படவில்லை. மதர்போர்டு ஸ்லாட்டே ஊட்டியது. இன்றைய ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் தராது. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450 வாட், 2025-இல் வந்த 5090-க்கு 575 வாட் வேண்டும். உங்கள் எஸ்.எம்.பி.எஸ். முழுவதையும் கார்டு ஒன்றே விழுங்கிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுத்தரக் கார்டுகளைத்தான்; அவற்றிலும் நன்றாக விளையாட முடியும். அதைவிட உயர்ந்த கார்டைப் போட்டாலும் பழைய செயலி படங்களுக்கான வேலையை உரிய நேரத்தில் கொடுக்க முடியாமல் கார்டு பாதி நேரம் சும்மாவே இருக்கும்.

450 என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், '500 வாட்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த மலிவான எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். புதிய கார்டைப் போட்டு விளையாடத் தொடங்கிய மூன்றாம் நாள், துப்பாக்கி வெடித்த ஓசையோடு கெபாசிட்டர் தெறித்தது. பிறகுதான் பக்கவாட்டிலிருந்த சிறு பட்டியலைப் படித்தேன்: 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டுக்கும் செயலிக்கும் போவது அந்த 12 வோல்ட் மட்டுமே. மீதி வாட்டுகள் எல்லாம் ஸ்டிக்கரில் இருந்தவை. கார்டு தப்பியது என் அதிர்ஷ்டம்.

கடைக்குப் போகும் முன் உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அந்தப் பட்டியலைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபினெட்டின் உள் நீளத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய பெரிய கார்டுகள் 30 செ.மீ.க்கு மேல் நீளமானவை, பழைய கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டு அவற்றுக்குக் குறுக்கே நிற்கும்.